எல்லாம் வேலை செய்தது, எர்த்தைத் தவிர

அம்மா முதல்முறை இங்கிலாந்து வந்திருந்த கோடையில், லேக் டிஸ்டிரிக்டில் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கேம்ப்சைட்டில் எங்கள் கேம்பர் வேனை, அதாவது படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வேனை, நிறுத்தியிருந்தோம். காலை ஆறரை மணி இருக்கும். ராத்திரி முழுக்கத் தூறல், புல் சொதசொதவென்று கிடந்தது. அம்மாவுக்குப் புல்லில் செருப்போடு நடக்கப் பிடிக்காது. கும்பகோணத்தில் வாசல் தெளிக்கப் போகிற மாதிரி வெறுங்காலோடு இறங்கிப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தார். வேனில் ஏற ஒரு காலை அலுமினியப் படியில் வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “ஏன்டா தம்பி, படியில கால் வச்சா சுர்ருங்குதே, கரண்டு வருதா?”

நான் இறங்கி வந்து படியை மிதித்துப் பார்த்தேன். கையால் தொட்டும் பார்த்தேன். “ஒண்ணுமில்லையேம்மா” என்றேன். “செருப்பைக் கழட்டிட்டு வை” என்றார்.

கழற்றிவிட்டு வைத்தேன். குதிகாலிலிருந்து முழங்கால் வரை எறும்பு ஊர்வது போல ஒரு நடுக்கம். அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டூல் பெட்டியில் கிடந்த டெஸ்டரை எடுத்தேன். ஊரிலிருந்து கொண்டு வந்தது, ஸ்குரூடிரைவர் கைப்பிடிக்குள் நியான் பல்பு இருக்குமே, அது. படியில் வைத்து மேலே விரலை அழுத்தியதும் மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அடுத்து அதே டெஸ்டரை வேனின் கதவுக் கொண்டியில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது. வேன் முழுக்க கரண்ட். ஓடிப்போய் ஹூக்-அப் போஸ்டில், அதாவது வேன்களுக்குக் கரண்ட் தரும் கம்பத்தில், பிளக்கைப் பிடுங்கினேன்.

அன்று முழுக்க என்னை அரித்தது ஒரே விஷயம்தான். உள்ளே எல்லாமே சரியாக இருந்தது. விளக்கு எரிந்தது, ஃபிரிட்ஜ் ஓடியது, பேட்டரி சார்ஜ் ஆனது, கெட்டிலில் வெந்நீர் கொதித்தது. முந்தின நாள் சாயங்காலம் வந்திறங்கியதும் வழக்கம்போல ஆர்.சி.டி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், டக்கென்று விழுந்தது. (ஊரில் நாம் ஈ.எல்.சி.பி. என்றோ, இப்போது ஆர்.சி.சி.பி. என்றோ சொல்கிறோமே, அதேதான். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால் வெட்டிவிடும் சுவிட்ச்.) இரண்டு வருடமாக அந்த வேனில் ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால் என்று சுற்றியிருக்கிறோம். என் மகள் அந்தப் படியில் உட்கார்ந்துதான் சோறு சாப்பிடுவாள்.

மத்தியானம் கேபிளின் வேன் பக்கத்துக் கனெக்டரைத் திறந்தேன். நீல நிறம், உருண்டையாக, மூன்று துளை உள்ள கனெக்டர். இங்கே எல்லா கேம்ப்சைட்டிலும் இதுதான், 16 ஆம்ப். நீலம் என்றால் 230 வோல்ட், மஞ்சள் 110, சிவப்பு 400. பின்பக்க நட்டைக் கழற்றி உறையைப் பின்னால் தள்ளியதும் தெரிந்துவிட்டது. பழுப்பு வயர் தன் திருகுக்குள் இருந்தது, நீலமும் இருந்தது. பச்சை-மஞ்சள் வயர் வெளியே வந்து, நுனி கருத்து, ஓரமாக வளைந்து நின்றது. கேபிளின் வெளித்தோலைப் பிடித்து நிறுத்த வேண்டிய கிளாம்ப் தோல்மேல் உட்காரவே இல்லை. அதற்கு முன்னாலேயே தோலை உரித்துவிட்டிருந்தார்கள். ஆக, கேபிளை இழுக்கும்போதெல்லாம் அந்த இழுவையை மூன்று சின்னத் திருகுகள்தான் தாங்கியிருக்கின்றன, அதில் ஒன்று விட்டுவிட்டது. எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தால், இழுபடும்போது அது கடைசியாகத்தான் கழன்றிருக்கும். அதையும் யாரும் செய்யவில்லை. வேனை எங்களுக்கு விற்றவர் தானே முடுக்கிய கனெக்டர் அது. வாங்கிய நாளில் ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டியவன் நான்.

எர்த் இல்லாமல் எப்படி எல்லாம் ஓடியது என்று ஊரில் தம்பி கேட்டான். ஓடுவதற்கு எர்த் தேவையே இல்லை. ஃபேஸில் வந்து நியூட்ரலில் திரும்பினால் கெட்டிலுக்குப் போதும். கோளாறு வருகிற அன்றைக்கு மட்டும் வேலை இருக்கிற வயர் எர்த். மற்ற நாளெல்லாம் அது இருப்பதும் இல்லாததும் வெளியில் தெரியாது. டெஸ்ட் பட்டனும் காட்டிக்கொடுக்காது. இதை அதுவரை நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். பட்டனை அழுத்தினால் ஆர்.சி.டி. தனக்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டை ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்குச் சுற்றி அனுப்பி, ஒரு சமனின்மையை உண்டாக்கி, தானே விழுகிறது. எர்த் வயர் அந்தச் சுற்றில் இல்லவே இல்லை. எர்த் அறுந்து போன வேனிலும் அந்தப் பட்டன் அழகாக வேலை செய்யும்.

சரி, ஒரு கோளாறும் இல்லாதபோது படியில் கரண்ட் எங்கிருந்து வந்தது? பேட்டரி சார்ஜரிலிருந்து. இந்தக் காலத்து சார்ஜர், லேப்டாப் அடாப்டர் எல்லாவற்றிலும் மின் இரைச்சலை வடிகட்ட ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சின்ன கபாசிட்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இன்னொன்று வைத்திருப்பார்கள். அவை வழியாக ஒரு மில்லி ஆம்பை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ கரண்ட் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் யாருக்கும் தெரியாமல் அதில் இறங்கிவிடும். எர்த் அறுந்துவிட்டால் சார்ஜரின் உலோகப் பெட்டி, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நட்டநடுவே, கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் போய் நிற்கும். எங்கள் வேனில் அந்தப் பெட்டி தரை இரும்பில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. வேனோ நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிறது. உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கம்பிமேல் உட்கார்ந்த குருவி மாதிரி. ஒரு கால் ஈரப் புல்லிலும் ஒரு கால் படியிலும் வைக்கிறவருக்குத்தான் தெரியும். நாங்கள் எல்லோரும் ரப்பர் செருப்பு போட்டே ஏறி இறங்கினோம்.

அந்தச் சுர்ர் மட்டும் யாரையும் கொல்லாது. ஆனால் அதே நிலைமையில் கெட்டிலின் ஹீட்டிங் காயில் ஒருநாள் வெடித்து ஃபேஸ் அதன் எர்த்தைத் தொட்டிருந்தால், வேன் முழுக்க 230 வோல்ட்டும் ஏறியிருக்கும். இறங்க வழி இல்லாததால் எந்த டிரிப்பரும் விழுந்திருக்காது. வெறுங்காலோடு யாராவது படியைத் தொடும்வரை அப்படியே காத்திருந்திருக்கும். தொட்டதும் அந்த ஆளே எர்த் வயர். அப்போதுதான் ஆர்.சி.டி.க்குச் சமனின்மை தெரிந்து விழும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.டி. அந்த அளவு கசிவில் 300 மில்லி செகண்டுக்குள், அதன் ஐந்து மடங்கில் 40 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும் என்பது விதி. அது விழும் என்று நம்பலாம். ஆனால் அது கடைசித் தடுப்பு. அதற்கு முன்னால் நிற்க வேண்டியது இல்லாமலே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறோம். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும் எம்.சி.பி.யை இதில் சேர்க்கவே வேண்டாம். 10 ஆம்ப் எம்.சி.பி. கேபிள் வெந்துபோகாமல் காப்பதற்கு வைத்தது. ஆளைக் கொல்ல அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

இங்கே வீடு திரும்பியதும் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். நாற்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், மீட்டர்களை மட்டும் இன்னும் விற்கவில்லை. கனெக்டரை மாற்றினால் போதாதா என்று கேட்டேன். கனெக்டரை இப்படி முடுக்கியவர் சுவருக்குப் பின்னால் என்ன செய்திருப்பார் என்று பார்க்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். அந்த சனிக்கிழமையே அலமாரிப் பலகையைக் கழற்றினோம்.

பின்னால் வீட்டுச் சுவருக்குள் போடுகிற சாம்பல் நிறத் தட்டைக் கேபிள். இங்கே வீடுகளில் குழாய்க்குள் தனித்தனி வயராக இழுக்க மாட்டார்கள், இந்தத் தட்டைக் கேபிளைத்தான் சுவரில் பதித்துப் பூசிவிடுவார்கள். அதன் உள்ளே இருப்பது ஒற்றைத் தடிக் கம்பி. சுவருக்குள் ஆடாமல் கிடக்க அது நல்ல கேபிள். வேனில் ஒவ்வொரு பள்ளத்திலும் அதிர்ந்து அதிர்ந்து, ஒன்று திருகைத் தளர்த்திவிடும், இல்லையென்றால் திருகு அழுத்தின இடத்திலேயே விரிசல் விட்டு முறியும். பெரியவர் ஒரு சாக்கெட்டின் பின்புறத்தைத் திறந்து, கம்பியை இரண்டு விரலால் லேசாக அசைத்தார், கையோடு வந்தது. வழியில் ஓர் இடத்தில் நீளம் போதாமல் பிளாஸ்டிக் கனெக்டர் வைத்து இணைத்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. வேனின் தூண் தகட்டில் போட்ட ஓட்டை வழியாகக் கேபிள் போன இடத்தில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் கூர் விளிம்பு வெளித்தோலைப் பாதி அறுத்திருந்தது. உள்ளே பழுப்பு வயரின் நிறம் தெரிந்தது. இதைப் பார்த்ததும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தூணை ஒட்டித்தான் குழந்தைகளின் படுக்கை.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவானது. வேலையை நான் செய்வேன், ஒவ்வொரு கட்டத்தையும் மூடுவதற்கு முன் அவர் பார்ப்பார், கடைசியில் அவர் மீட்டர் வைத்துச் சோதிப்பார், இதுதான் ஒப்பந்தம். பிரிட்டனில் மின் வேலைக்கான விதிநூல் பி.எஸ். 7671. அதில் கேரவனுக்கும் கேம்பர் வேனுக்கும் என்றே 721 என்று ஒரு பகுதி இருக்கிறது. வீட்டு வயரிங் தெரிந்தவர்கள்கூட அதைப் படிக்காமல் வேனில் கை வைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வீட்டில் சரியாக இருக்கிற சில விஷயங்கள் வேனில் தப்பு.

வெளியிலிருந்து உள்ளே வருகிறேன். இன்லெட், அதாவது கேபிள் வந்து சொருகும் இடம், வேனின் பக்கவாட்டில், தரையிலிருந்து 1.8 மீட்டருக்கு மேல் போகாமல், மூடி தானாக மூடிக்கொள்ளும்படி. அங்கிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), பல இழை ரப்பர் கேபிள். இந்தத் துண்டை எவ்வளவு சின்னதாக வைக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக வையுங்கள். வேனின் ஆர்.சி.டி. அதற்கு அப்புறம்தான் இருக்கிறது, அதனால் இந்தத் துண்டுக்கு வேனுக்குள் காவல் கிடையாது. என்னுடையது 60 சென்டிமீட்டர்தான். முன்பு இருந்தது வேனின் நீளம் முழுக்கப் போய் முன்சீட்டுக்கு அடியில் முடிந்தது.

பெட்டிக்குள் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.டி. ஒன்று, ஏ வகை. பழைய ஏ.சி. வகை இன்றும் கடைகளில் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் சார்ஜர் போன்ற எலக்ட்ரானிக் சாமான்கள் விடும் கசிவு சுத்தமான ஏ.சி.யாக இருக்காது, அதில் ஏ.சி. வகை மந்தமாகிவிடக்கூடும். அதற்கு அப்புறம் இரண்டு எம்.சி.பி. சாக்கெட்டுகளுக்கு 10 ஆம்ப், சார்ஜருக்கும் ஃபிரிட்ஜுக்கும் 6 ஆம்ப். இரண்டுமே டபுள் போல், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுபவை. வீட்டுப் பெட்டியில் ஃபேஸை மட்டும் வெட்டுகிற எம்.சி.பி. போதும். வேனில் போதாது, ஏனென்றால் நாளைக்கு எந்த ஊர் போஸ்டில் எது ஃபேஸ் என்று நமக்குத் தெரியாது. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பெட்டியிலிருந்து சாக்கெட்டுகளுக்கு 1.5 ஸ்கொயர் ஃபிளெக்சிபிள். வேனில் அதற்குக் குறைந்து எதுவும் கூடாது. ஒவ்வொரு நுனியிலும் ஃபெரூல், அதாவது இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய், மாட்டி அமுக்கினேன். பல இழை வயரை அப்படியே திருகுக்குள் விட்டால் இழைகள் சிதறும், ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பதைத் தொடும். கேபிளைக் கிடைமட்டத்தில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப், செங்குத்தில் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று பிடித்தோம். ஓட்டைகள் எல்லாவற்றிலும் ரப்பர் வளையம். 12 வோல்ட் வயர்களும் 230 வோல்ட்டும் ஒரே குழாயில் போகக் கூடாது, நாங்கள் ஒன்றை வலப்பக்கச் சுவரிலும் இன்னொன்றை இடப்பக்கத்திலும் கொண்டு போனோம். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறைக்குள் எந்த வயரும் நுழையவில்லை.

எர்த்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. பெட்டியின் எர்த் பட்டையிலிருந்து வேனின் சேசிஸுக்கு (இரும்பு அடிச்சட்டத்துக்கு) 4 ஸ்கொயர் பச்சை-மஞ்சள் வயர். முன்பு இருந்தவர் இதைப் போடவே இல்லை, சார்ஜரின் போல்ட்தான் எர்த்தாக இருந்திருக்கிறது. சேசிஸில் ஓரிடம் தேர்ந்து, அங்கே பெயின்டை எமரி தாளால் வெள்ளி போல் இரும்பு தெரிகிற வரை தேய்த்தேன். நான் போதும் என்று நிறுத்திய இடத்தில் பெரியவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் தேய் என்று சைகை காட்டினார். அடியில் சாம்பல் நிறத்தில் ப்ரைமர் ஒரு படலம் இருந்திருக்கிறது, கண்ணுக்கு அதுவும் இரும்பு போலத்தான் தெரிந்தது. அதையும் எடுத்த பிறகு பல்லுள்ள வாஷர், லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்), நட், அதன்மேல் இன்னொரு நட். இறுக்கி முடித்ததும் துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் பூசி, கழற்றாதே என்று எழுதிய பட்டையை மாட்டினோம். ஓர் ஓட்டைக்கும் ஒரு நட்டுக்கும் ஒரு நாளா என்று வீட்டில் கேட்டார்கள். கேபிளின் எர்த் சரியாக இருந்தால், கோளாறு வருகிற அன்றைக்குப் படியில் வைக்கிற காலுக்கும் கரண்டுக்கும் நடுவில் நிற்கப்போவது அந்த நட்டுதான்.

சோதனை நாள். முதலில் கரண்ட் இல்லாமல்: இன்லெட்டின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளைக்கும், படிக்கும், கதவுக் கொண்டிக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று ஓம் கணக்கில். அப்புறம் சார்ஜரையும் ஃபிரிட்ஜையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் டி.சி. கொடுத்து இன்சுலேஷன் சோதனை. ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது, புது வயரிங் என்பதால் எங்களுக்கு மீட்டரின் அளவையே தாண்டிப் போனது. கடைசியில் கரண்ட் கொடுத்து ஆர்.சி.டி. எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்று பார்த்தோம். 24 மில்லி செகண்ட். இந்த மூன்று சோதனைக்கும் வேண்டிய மீட்டர் சாதாரண ஆள் வீட்டில் இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், வயரை நீங்களே இழுத்தாலும் சோதனைக்கு ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதற்குக் கொடுக்கும் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள். என் நியான் டெஸ்டரை அவரிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது எரிந்தால் நம்பு, எரியாவிட்டால் நம்பாதே என்று திருப்பிக் கொடுத்தார்.

வேனில் எல்லாம் முடிந்தது என்று வீட்டு வாசலில் நிறுத்தி, கராஜ் சாக்கெட்டிலிருந்து 13 ஆம்ப் அடாப்டர் வைத்துக் கேபிளை இழுக்கப் போனேன். பெரியவர் நிறுத்தினார். இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இந்த விஷயம்தான், ஏனென்றால் பிரிட்டனில் வேன் வைத்திருக்கும் நம் ஆட்கள் எல்லோருமே வாசலில் இப்படித்தான் சார்ஜ் போடுகிறோம்.

இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எர்த் தனியாக மண்ணில் இறங்குவதில்லை. தெருவிலிருந்து வரும் கேபிளில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பிதான், வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் வந்து இரண்டாகப் பிரிகிறது. பி.எம்.இ. என்பார்கள். அந்தக் கம்பி தெருவில் எங்காவது அறுந்தால் வீட்டில் எர்த் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது எல்லாம் 230 வோல்ட்டை நோக்கி ஏறும். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் ஓரளவு தப்பலாம், குழாயும் பாத்திரம் கழுவும் தொட்டியும் சேர்ந்து ஏறுவதால் இரண்டைத் தொட்டாலும் வித்தியாசம் இருக்காது. வாசலில் நிற்கும் வேனுக்கு அப்படி இல்லை. அதன் உடம்பு வீட்டு எர்த்தோடு ஏறும், தொடுகிறவர் நிற்பது ஈர மண். இதில் ஆர்.சி.டி. உதவவே உதவாது. அது வெட்டுவது ஃபேஸையும் நியூட்ரலையும், எர்த் வயரை அது ஒருநாளும் வெட்டுவதில்லை, ஆபத்து வருவதோ எர்த் வயர் வழியாக. இதனால்தான் 2002-ல் வந்த மின் வழங்கல் விதிகள் கேரவனுக்கும் படகுக்கும் இந்த பி.எம்.இ. எர்த்தைத் தரக் கூடாது என்கின்றன. கேம்ப்சைட் போஸ்ட்களுக்குத் தனியாக எர்த் தண்டு அடிப்பதும் இதே கவலையால். வேன் பாதுகாப்பாக நிற்கும் இடம் சொந்த வாசல் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைசியில் வாசல் சுவரில் ஒரு நீல சாக்கெட் வைத்தோம். வீட்டிலிருந்து ஃபேஸும் நியூட்ரலும் மட்டும், அதற்கென்று தனி ஆர்.சி.டி., எர்த்துக்கு ரோஜாச் செடிப் பக்கத்தில் 1.2 மீட்டர் செப்புப் பூச்சுத் தண்டு. வீட்டு எர்த்தும் இதுவும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. நிலையான வேலை என்பதால் இதை நான் தொடவில்லை, பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் வந்து செய்து சான்றிதழ் கொடுத்தார்.

கேம்ப்சைட்டில் இப்போது எங்கள் நடைமுறை சொல்கிறேன். முதலில் கேபிளை முழுக்கச் சுருள் பிரிக்க வேண்டும். 25 மீட்டரும் வேண்டியிருக்காது, மிச்சத்தை வேனுக்கு அடியில் தளர்வாக வளைத்துப் போட்டுவிடலாம், ஆனால் உருளையிலேயே சுற்றி வைக்கக் கூடாது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் சுருள் தன் சூட்டிலேயே உருகும். அடுத்து வேன் பக்கம் முதலில், போஸ்ட் பக்கம் கடைசியில். கழற்றும்போது தலைகீழ். அப்போதுதான் கரண்ட் ஏறிய நுனி ஒரு நிமிடம்கூடப் புல்லில் கிடக்காது. அப்புறம் வேனுக்குள் ஒரு சாக்கெட்டில், மூன்று விளக்கு உள்ள சின்ன டெஸ்டரைச் செருகிப் பார்ப்பேன். விலை அதிகமில்லை. எர்த் இல்லையென்றால் காட்டும், ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் காட்டும். முதல் இரண்டு வருடம் என்னிடம் இது இருந்திருந்தால் முதல் ராத்திரியே தெரிந்திருக்கும். நியூட்ரலும் எர்த்தும் தங்களுக்குள் இடம் மாறியிருந்தால் மட்டும் அதற்குத் தெரியாது. இரண்டும் அதற்கு ஒன்று போலத்தான்.

பிரான்ஸ் போனபோது பிரிட்டனியில் இரண்டாவது கேம்ப்சைட்டில் அந்த டெஸ்டர் சிவப்பு காட்டியது. ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தன. அங்கே எந்தப் பக்கம் ஃபேஸ் என்பதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, அங்குள்ள வீட்டுப் பெட்டிகளும் இரண்டையும் சேர்த்தே வெட்டுகின்றன, அவர்களுக்கு இது கோளாறே இல்லை. நமக்குக் கோளாறு. நம் சாக்கெட்டின் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டும். மாறியிருந்தால் அது நியூட்ரலை வெட்டிவிட்டு ஃபேஸை உள்ளே விட்டுவைக்கும். கெட்டில் அணைந்திருக்கும், உள்ளே கரண்ட் இருக்கும். என் பெட்டியில் டபுள் போல் இருந்ததால் அது தப்பாமல் இரண்டையும் வெட்டும். ஆனாலும் மாற்றிக் கொடுக்கும் சின்ன அடாப்டர் கேபிள் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் அன்றைக்குத் தூங்கினேன். அது என்னவென்று தெளிவாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும் போஸ்டில் தவறிப்போய் அதைப் போட்டால் நாமே மாற்றிவிட்டதாகிவிடும்.

அங்கே ஆம்ப் கணக்கும் முக்கியம். இங்கே 16 ஆம்ப் என்றால் 3680 வாட். 2200 வாட் கெட்டிலும் 2000 வாட் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் அந்த அளவையே தாண்டிவிடும், அதற்கு முன்னாலேயே வேனின் 10 ஆம்ப் எம்.சி.பி. விழும். பிரான்சில் பல இடங்களில் 6 ஆம்ப்தான், 1380 வாட். வீட்டுக் கெட்டிலை எடுத்துப் போகாமல் 750 வாட் கெட்டில் ஒன்று வாங்கினோம். காபிக்குக் கூடுதலாகச் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இன்வர்ட்டர் வைக்கலாமா என்று இரண்டு நண்பர்கள் கேட்டிருந்தார்கள். வைக்கலாம், ஆனால் அதன் வெளியீட்டை ஹூக்-அப் சாக்கெட்டுகளோடு நேரடியாகச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் எப்போதும் இணையும்படி மாற்றுச் சுவிட்ச் வேண்டும், இன்வர்ட்டரின் நியூட்ரல்-எர்த் இணைப்புச் சரியாக இல்லாவிட்டால் ஆர்.சி.டி. இருந்தும் இல்லாததுதான். எனக்குத் தேவைப்படவில்லை, வைக்கவில்லை.

ஃபியூஸ் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். கேபிளை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது, மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது முழுச் சோதனை, அடிக்கடி ஓட்டினால் வருடா வருடம் என்று விதிநூலில் உள்ளபடி. நாங்கள் அடிக்கடி ஓட்டுகிறவர்கள். முதல் வருடச் சோதனையில் எல்லாத் திருகையும் தொட்டுப் பார்த்தபோது சாக்கெட் ஒன்றில் இரண்டு திருகு கால் சுற்று வாங்கிக்கொண்டன. அத்தனை கவனமாகப் போட்டும், ஒரே வருடத்து அதிர்வில். வரும் ஏப்ரலில் மூன்றாவது வருடம். பெரியவருக்கு இப்போது முழங்கால் சரியில்லை, குனிய முடியாது, மீட்டரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு எண்களைச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதற்கு முந்தின வாரமே கேபிளின் இரண்டு முனைகளையும் திறந்து கிளாம்பைப் பார்த்து, சேசிஸ் நட்டில் கிரீஸைத் துடைத்து, ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். அம்மா மே மாதம் வருகிறார்.